கல்லறைக் கல்லில் எந்த வசனம் போடுவது? (தம்பிக்கு வந்த வாக்குத்தத்தம் பற்றி)

ஓட்டேரி அக்கா · திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க படிக்கிறதோட சரி, எழுதினது கிடையாது. வீட்ல ஒரு விஷயம் முடிவுக்கு வராம இழுத்துக்கிட்டே இருக்கு, அதான் கேக்கறேன்.

என் தம்பி லெந்து நாள்ல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, கர்த்தருக்குள் நித்திரையடைஞ்சான். ரெண்டு கிட்னியும் போய் டயாலிசிஸ்ல இருந்தவன். அம்மாவோட கிட்னி பொருந்தல. மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்ட இருந்து கிடைக்குமான்னு பேர் பதிஞ்சு காத்திருந்தோம்.

அதுக்கு முந்தின டிசம்பர் 31 வாட்ச் நைட் ஆராதனையில எல்லாரும் புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். அவனுக்கு வந்தது சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." படிச்சதும் அம்மா ஆலயத்துலயே அழுதுட்டாங்க. பின்வரிசையில இருந்தவங்கல்லாம் வந்து கையப் பிடிச்சாங்க. அட்டைய லேமினேட் பண்ணி அவனோட ஃபைல்ல முதல் பிளாஸ்டிக் உறையில செருகி வெச்சாங்க. எந்த ரிப்போர்ட்ட எடுக்கணும்னாலும் அதைத் தாண்டித்தான் போகணும். கிரியாட்டினின் எவ்வளவுன்னு பாக்கறதுக்கு முன்னாடி "சாவாமல்"னு படிச்சாகணும்.

இப்ப கல்லறை கட்டணும். கல்லுல அந்த வசனம்தான் போடணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அண்ணன் கூடாதுங்கறான். "செத்தவன் தலைமாட்டுல சாவாமல்னு எழுதி வெச்சா பாக்கறவன் சிரிப்பாம்மா"ன்னு சொல்லிட்டான். அதுல இருந்து அம்மா அவன்கிட்ட சரியா பேசறதில்ல. தம்பி சம்சாரம் "அத்தை இஷ்டம்"னு சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு.

கல்லு ஒரு பக்கம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆனா தேவனுடைய உண்மை, மாறாத அன்புன்னு பாட்டு. வாய் பாடுது, உள்ள ஒட்டல. குடுத்த வார்த்தை நிக்கலன்னா உண்மையுள்ளவர்னு எதை வெச்சு சொல்றது? "அட்டை நாமளா எடுக்கறது, சீட்டுக் குலுக்கல் மாதிரி, அதைக் கொண்டுபோய் ஆண்டவர் தலையில போடாதே"ன்னு சொல்லுவீங்க. சரி. நல்லது நடந்த வீட்ல அதே அட்டையக் கையில பிடிச்சிக்கிட்டு சாட்சி சொல்லும்போது யாரும் அதை சீட்டுக் குலுக்கல்னு சொல்றதில்லையே?


காட்பாடி கிருபை · திங்கள், இரவு 9:52

சிஸ்டர், ரோமர் 8:28. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. தேவன் நோக்கம் இல்லாம எதையும் செய்யமாட்டார். அம்மாவுக்காக ஜெபிக்கிறோம். ஆமென்.


ஜெபவீரன் · திங்கள், இரவு 10:15

சிஸ்டர், துக்கத்துல இருக்கீங்க, ஆனாலும் சத்தியத்தைச் சொல்லாம இருக்க முடியாது. அட்டை எடுத்து ஃபைல்ல வெச்சா வாக்குத்தத்தம் பலிக்காது. வாயால அறிக்கையிடணும், பிடிச்சிக்கணும். "விசுவாசமில்லாமல் தேவனுக்குப் பிரியமாயிருப்பது கூடாதகாரியம்"னு எபிரெயர் 11:6 சொல்லுது. எசேக்கியா ராஜா சாகப்போறான்னு தீர்க்கதரிசியே சொல்லிட்டார். அவன் சுவர்ப்புறமா திரும்பி அழுதான், 15 வருஷம் கூட்டிக் கிடைச்சது. தேவன் மாறல. ரிப்போர்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தா விசுவாசம் எங்க இருந்து வரும்?


நைட் டியூட்டி · திங்கள், இரவு 11:34

ஜெபவீரன் பிரதர், நான் டயாலிசிஸ் யூனிட்ல நர்ஸ். இந்த அக்காவ எனக்குத் தெரியாது, தம்பியையும் தெரியாது. ஆனா அவர மாதிரி ஆளுங்களை தினம் பாக்கறேன். உங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும்.

வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கையில ஃபிஸ்டுலான்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, ரத்தக் குழாய் ரெண்டையும் சேர்த்து. தொட்டா விர்ருனு அதிரும். அந்த அதிர்வு இருக்கான்னு காலையில எழுந்ததும் அவங்களே தொட்டுப் பாத்துக்கணும். நின்னுபோச்சுன்னா அந்த ஃபிஸ்டுலா அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தம், பல சமயம் வேற இடத்துல ஆபரேஷன். அதுலதான் ரெண்டு தடி ஊசி, ஒண்ணு ரத்தம் வெளிய போக, ஒண்ணு உள்ள வர. வந்ததும் முதல்ல எடை பாப்போம். போன தடவைக்கு மேல எத்தனை கிலோ ஏறியிருக்கோ அத்தனையும் குடிச்ச தண்ணி. வேலூர் சித்திரை வெயில்ல நாள் முழுக்கவே சில டம்ளர் தண்ணிதான் குடிக்கலாம்னா என்னன்னு நெனச்சுப் பாருங்க. ஐஸ் கட்டிய வாயில அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இளநி கூடாது, வாழைப்பழம் கூடாது. காயை நறுக்கி வேகவெச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, சக்கையத்தான் தாளிச்சுத் தின்னணும்.

இத்தனையும் தெரிஞ்சு விடியக்காலம் முதல் ஷிஃப்ட்டுக்கு பஸ் பிடிச்சு வந்து மறுபடி கைய நீட்டறவங்கிட்ட விசுவாசம் இல்லன்னு நீங்க சொல்றீங்க. வேற எதை விசுவாசம்னு சொல்லுவீங்க?

இன்னொண்ணு. எசேக்கியாவுக்கு ஏசாயா ஜெபம் மட்டும் பண்ணல. அத்திப்பழ அடையக் கொண்டாந்து பிளவை மேல பத்துப் போடச் சொன்னார். ஏசாயா 38:21. ரிப்போர்ட் பாக்கற ஆளுங்க அப்பவும் இருந்திருக்காங்க.


ராணிப்பேட்டை வாத்தியார் · செவ்வாய், காலை 6:20

அம்மா, நான் ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி வாத்தியார். ஆற்காடு மிஷன் காலத்துப் பழைய ஆட்களிடம் வேதம் படித்தவன். நீங்கள் கேட்டதில் கல்லைப் பற்றிய பாதிக்கு மட்டும் என்னால் ஏதாவது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அட்டையில் ஒரு வரி வருகிறது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று நாம் பார்ப்பதே இல்லை. 118ஆம் சங்கீதம் நோயாளி ஒருவர் தனியாகப் படுக்கையில் பாடியது அல்ல. "நீதியின் வாசல்களைத் திறவுங்கள்" என்று கேட்டுக்கொண்டு ஆலயத்துக்குள் நுழைகிற கூட்டத்தின் பாட்டு. யூதர்கள் பஸ்கா பண்டிகை ராத்திரியில் 113 முதல் 118 வரை பாடுவார்கள். முதல் இரண்டும் சாப்பாட்டுக்கு முன், மீதி சாப்பாட்டுக்குப் பின். வரிசையில் கடைசி இந்த 118.

இப்போது மத்தேயு 26:30ஐ எடுங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்தது. "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்." அது என்ன பாட்டு என்று மத்தேயு எழுதவில்லை. பஸ்கா வழக்கத்தை வைத்து அது இந்தச் சங்கீதங்கள்தான் என்று வேத அறிஞர்களில் மிகப் பலர் கொள்கிறார்கள். அப்படியானால், கெத்செமனேக்குக் கிளம்புகிறதற்குச் சற்று முன்னால் நம் ஆண்டவர் தம் வாயாலேயே "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்று பாடியிருக்கிறார். மறுநாள் ஒன்பதாம் மணி வேளைக்கெல்லாம் சிலுவையில் ஜீவனை விட்டார்.

உங்கள் தம்பிக்கு வந்த அட்டை ஆண்டவருக்கும் வந்த அட்டைதான்.

சபைச் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஐயாவுக்கும் இது சொந்தச் சங்கீதம். 1530இல் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய ஆட்கள் சக்கரவர்த்தி முன்னால் விசுவாச அறிக்கை வாசிக்கும்போது, தண்டனைக்குள்ளானவர் என்பதால் அவர் போக முடியாமல் கோபர்க் கோட்டையில் அடைந்து கிடந்தார். இந்த 17ஆம் வசனத்தைத்தான் அங்கே சுவரில் எழுதி வைத்தார். அங்கே இருக்கும்போதே அவருடைய அப்பா இறந்த செய்தியும் வந்து சேர்ந்தது. அதற்காக அவர் சுவரை அழித்ததாக யாரும் சொன்னதில்லை.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்கள் தாயார் கேட்பது விநோதம் அல்ல.


தோட்டப்பாளையம் · செவ்வாய், காலை 8:05

வாத்தியார் ஐயா ஜெர்மனி வரைக்கும் போயிட்டார். தேவன் உண்மையுள்ளவர்ங்கறதுக்கு வேலூர்க்காரங்க அவ்வளவு தூரம் போகணுமா? வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதை நம்ம ஊர்க் கதைதானே. ராணிப்பேட்டையில 1870ல பிறந்தவங்க. மிஷனரி ஆகறதில்லன்னு பிடிவாதமா இருந்தாங்க. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து கதவைத் தட்டறாங்க. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து. மூணு பேருக்கும் மனைவி பிரசவத்துல. அப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னா ஆம்பளை டாக்டர் கூடாதுங்கறாங்க. காலையில மூணு பெண்களும் செத்துட்டாங்கன்னு சேதி. அந்த ராத்திரிதான் அவங்களைத் திருப்பிச்சு. 1899ல அமெரிக்காவுல டாக்டர் பட்டம், 1900ல வேலூர்ல சின்ன மருந்தகம், 1902ல ஆஸ்பத்திரி, 1918ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இந்தியாவுலயே முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று சிகிச்சை 1971ல அங்கதான் நடந்தது. ஒரு துக்க ராத்திரியில இருந்து தேவன் எத்தனை லட்சம் பேருக்கு வழி திறந்தார் பாருங்க சிஸ்டர்.


ஓட்டேரி அக்கா · செவ்வாய், இரவு 10:10

பிரதர், அந்தக் கதைய சண்டே ஸ்கூல்ல நாடகமா போட்டிருக்கோம். கதவைத் தட்டற மூணு பேர்ல நான் ஒருத்தி, அப்பாவோட வேட்டியில தலைப்பாகை கட்டி மீசை வரைஞ்சு விட்டாங்க. நாடகம் முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க.

அந்த மூணு பொண்ணுங்களுக்கு நாடகத்துல வேஷமே கிடையாது. பேரும் கிடையாது. ராத்திரி முழுக்கத் துடிச்சிருப்பாங்க, அவங்கவங்க சாமியக் கூப்பிட்டிருப்பாங்க. பின்னாடி வேலூர்ல ஆஸ்பத்திரி வரப்போகுதுன்னு அவங்களுக்கு யார் சொன்னது? அவங்க புருஷன்கிட்ட போய் "தேவன் உண்மையுள்ளவர், உன் பெண்டாட்டி செத்ததால ஒரு காலேஜ் வரும்"னு சொல்ல முடியுமா? நமக்கு நன்மையா முடிஞ்ச கதை அவங்களுக்கு நன்மையா முடியல.

நான் இதைக் குதர்க்கமா கேக்கல. மூளைச்சாவுப் பட்டியல்ல தம்பி பேர் இருந்தப்ப தினம் முழங்கால் போட்டு "ஆண்டவரே ஒரு கிட்னி கிடைக்கணும்"னு ஜெபம் பண்ணினேன். அந்த ஜெபம் கேக்கப்படணும்னா எங்கயோ ஒரு வீட்ல ஹெல்மெட் இல்லாம போன ஒரு பையன் திரும்பி வரக்கூடாது. அது தெரிஞ்சேதான் கேட்டேன். அந்தப் பையனோட அம்மாவும் அன்னைக்குக் காலையில அவனுக்காக ஜெபிச்சு அனுப்பியிருப்பாங்கன்னு நெனைக்கும்போது ஜெபம் தொண்டையிலயே நின்னுடும்.

வாத்தியார் ஐயா சொன்னது மனசுல தங்கிச்சு. ஆண்டவர் பாடினார், செத்தார், சரி. அவர் மூணாம் நாள் எழுந்துட்டார் ஐயா. தம்பி எழல.


நைட் டியூட்டி · செவ்வாய், இரவு 11:50

அக்கா, இதனாலதான் மேரி வர்கீஸ் டாக்டர் கதை எனக்குப் பிடிக்கும், அதைச் சொல்ற விதம் பிடிக்காது. 1954ல வண்டி விபத்து, இடுப்புக்குக் கீழ உணர்வு போச்சு. பால் பிராண்ட் டாக்டர் ஊக்கப்படுத்தி, சக்கர நாற்காலியில உக்காந்தே தொழுநோயாளிகளோட மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. 1966ல வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்தது. அதைத் தொடங்கி நடத்தினவங்க அவங்கதான். முதுகுத்தண்டு அடிபட்டவங்க இன்னைக்கும் அங்க வந்து திரும்ப வாழக் கத்துக்கறாங்க. எல்லாம் நிஜம்.

பிரசங்கத்துல இதைச் சொல்லும்போது விபத்து ஒரு நிமிஷம், ஊழியம் பத்து நிமிஷம். அவங்க 1986ல இறக்கற வரைக்கும் அந்தக் கால் வரல. ஆண்டவர் வேற ஒண்ணு கொடுத்தார், ஆனா அது காலுக்கு ஈடு இல்ல. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லத் தெரிஞ்சா சொல்லணும், இல்லன்னா அந்தக் கதைய விட்டுடணும்.


அரக்கோணம் ஆரோக்கியம் · புதன், காலை 7:15

நான் கத்தோலிக்கன், உங்க அட்டை வழக்கம் எங்ககிட்ட அவ்வளவா கிடையாது. ஆனா நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னைக்கு மெழுகுதிரியும் பூவும் கொண்டுபோய் உக்கார்ற ஜனங்க நாங்க, கல்லுல என்ன எழுதியிருக்குன்னு நிறையப் படிச்சிருக்கேன். எங்க அப்பா கல்லுல "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே". யோவான் 11.

அதே அதிகாரத்துல மார்த்தா முதல்ல என்ன சொல்றா பாருங்க. "ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்." தம்பிய இழந்த அக்கா நீங்க கேக்கறதும் அதுதான். பின்னாடி மரியாவும் அதையே சொல்றா. இயேசு ரெண்டு பேரையும் "உனக்கு நம்பிக்கை போதல"ன்னு விரட்டல. சேதி வந்ததும் கிளம்பாம ரெண்டு நாள் தாமதிச்சவர் அவர்தான், அந்தக் கணக்கு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். கடைசியில கல்லறைக்குப் போற வழியில அழறார். எழுப்பப்போறவர் ஏன் அழணும்னு எனக்கு இன்னும் பிடிபடல, ஆனா அழுதார்.

லாசரும் அப்புறம் ஒரு நாள் மறுபடி செத்திருப்பார், இல்லையா.

அம்மா மனசும் அண்ணன் மனசும் நோகாம இருக்கணும்னா மேல யோவான் 11:25, கீழ அம்மா கேக்கற வசனம், ரெண்டும் போடலாமே.


ராணிப்பேட்டை வாத்தியார் · புதன், காலை 9:30

மூன்று பெண்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. பதில் இருப்பதுபோல் எழுதினால் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு உள்ளே ஒட்டவில்லை என்றீர்களே, அதற்கு மட்டும் ஒன்று. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள். உமது உண்மை பெரிதாயிருக்கிறது." நம் பாட்டுகளில் பாதி இந்த இரண்டு வசனத்திலிருந்து கிளம்பியவை. இது இருக்கிற இடம் புலம்பல் 3. எருசலேம் எரிந்து, பட்டினியில் பிள்ளைகள் தெருவில் விழுந்து கிடக்கிற நேரத்தில் எழுதிய புத்தகம். அதே அதிகாரம் 8ஆம் வசனத்தில் அதே ஆள், "நான் கூப்பிட்டுக் கதறினாலும், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்கிறார். எட்டிலிருந்து இருபத்திரண்டுக்கு வருவதற்குள் ஊர் ஒன்றும் சரியாகிவிடவில்லை. நாம் எட்டை விட்டுவிட்டு இருபத்திரண்டை மட்டும் ராகம் போட்டுப் பாடுகிறோம். உங்கள் வாயில் ஒட்டாதது பாட்டின் விடுபட்ட பாதியாக இருக்கலாம்.

கல்லறை விஷயத்துக்கு வருகிறேன். ஆபிரகாமுக்குத் தேவன் கானான் தேசம் முழுவதையும் தருவேன் என்று சொன்னார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. சாராள் செத்தபோது அவளைப் புதைக்க அவனுக்கு அந்தத் தேசத்தில் ஒரு முழ நிலம் இல்லை. ஏத்தின் புத்திரர் முன்னால் குனிந்து நின்று, "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்" என்று சொல்லி, எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்குகிறான். ஆதியாகமம் 23ஐப் படித்தால் பத்திரம் எழுதினதுபோல் இருக்கும். நிலம், குகை, எல்லையில் நிற்கிற மரங்கள், சாட்சிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். வாக்குத்தத்த தேசத்தில் அவன் விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொண்ட நிலம் மனைவியின் கல்லறை. எபிரெயர் 11:13 இவர்களைப் பற்றித்தான் "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல்" என்றும் "விசுவாசத்தோடே மரித்தார்கள்" என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஜெபவீரன் தம்பி மேற்கோள் காட்டிய அதே அதிகாரம். ஏழு வசனம் தள்ளி.

தேவன் இன்னும் கொடுக்காத தேசத்தில் ஆபிரகாம் கல்லறை வாங்கினான். தேவன் தருவார் என்று நம்பாதவன் சாராளைத் தன் சொந்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பான்.


ஜெபவீரன் · புதன், மதியம் 1:40

நான் சொன்னதுல இருந்து பின்வாங்கல. நர்ஸ் சிஸ்டர் கோவம் புரியுது. எங்க சபைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் டேனரியிலயும் ஷூ கம்பெனியிலயும் வேலை செய்யறவங்க. லீவு போட்டா சம்பளம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரி செலவுக்கு வழி இல்லாம, கடைசி வாசல்னு வர்றவங்க. அவங்ககிட்ட "ஆபிரகாமுக்கே கல்லறைதான் கிடைச்சது"ன்னு நான் சொல்லமாட்டேன் வாத்தியாரே. கேக்கச் சொல்லுவேன். அழுது கேளு, உரிமையா கேளுன்னு சொல்லுவேன். சுகம் கிடைச்சவங்களையும் பாத்திருக்கேன், அதை மறைக்க முடியாது.

கிடைக்காதவங்களையும் அடக்கம் பண்ணியிருக்கேன். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ "விடுவிக்காமற்போனாலும்"னு, நெருப்புச் சூளையில போடுவேன்னு மிரட்டின ராஜா முகத்துக்கு நேரா சொன்னாங்க. தானியேல் 3:18. அதையும் பிரசங்கம் பண்ணித்தான் இருக்கேன்.

ஆனா கல்லு விஷயத்துல நான் உங்க அம்மா பக்கம். வசனத்தை மாத்தாதீங்க. யோவான் 11 நல்ல வசனம்தான், ஆனா அவங்க கேக்கறது அது இல்ல.


ஓட்டேரி அக்கா · வியாழன், இரவு 9:05

இன்னைக்கு சாயங்காலம் அம்மா மாவு சலிச்சிக்கிட்டு இருக்கும்போது நீங்க எல்லாரும் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். லூத்தர் ஐயா சேதிக்கு ஒண்ணும் சொல்லல. ஆண்டவர் அன்னைக்கு ராத்திரி பாடினது இந்தச் சங்கீதம்னதும் சல்லடைய நிறுத்தினாங்க. "அப்படியா? நம்ம சபை அய்யரு இத்தினி வருசமா சொல்லவேயில்லையே"ன்னாங்க. ஜெபவீரன் பிரதர் முதல்ல எழுதினதையும் மறைக்காம படிச்சேன். "அந்தப் புள்ள சின்ன வயசா இருக்கும்"னு சொல்லிட்டு மறுபடி சலிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்புறம் நான் நேராவே கேட்டேன். ஏம்மா அந்த வசனம்தான் வேணுங்கறே? அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன்.

"அவன் சாவலன்னு ஊருக்குச் சொல்லவா எழுதச் சொல்றேன்? எனக்கென்ன புத்தி பெரண்டுபோச்சா? அந்த வார்த்தைய நான் கேக்கல. அவரா குடுத்தாரு. குடுத்துட்டு இப்ப புள்ள மண்ணுக்குள்ள கெடக்கறான். வேற வசனத்தப் போட்டு மூடிட்டா அவருக்கு சௌகரியம். நான் மூடமாட்டேன். அவர் வர்ற அன்னைக்குக் கல்லறையெல்லாம் தொறக்கத்தான போறாரு, அந்தக் கல்லத் தாண்டித்தான அவனைக் கூப்பிடணும்? படிக்கட்டும். படிச்சிட்டுக் கூப்பிடட்டும்."

அப்ப ஆண்டவர் மேல கோவமாம்மான்னு கேட்டேன்.

"கோவம் இல்லாமயா? கோவம் இருக்கறதாலதான் தெனம் நாலரை மணிக்கே எழுந்து அவருகிட்ட பேசினு இருக்கேன். பேசாம இருக்கறது உங்கண்ணன்கிட்ட மட்டும்தான்."

எனக்கு அதுக்கு மேல கேக்கத் தோணல. அந்த மூணு பொண்ணுங்களைப் பத்தின கேள்வி எனக்கு அப்படியே இருக்கு, அது போகாது, போகவும் வேணாம்னு நெனைக்கிறேன். ஆனா அம்மா மாதிரி அவர் முகத்துக்கு நேரா வெச்சுக் கேக்கலாம்னு இதுக்கு முன்னாடி எனக்குத் தோணினது இல்ல. நான் கேள்வி கேட்டா வெளிய நிக்கணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அம்மா உள்ள உக்காந்துகிட்டுக் கேக்கறாங்க.

அண்ணன் இன்னும் முழு மனசா இல்ல. காசு தரேன்னுட்டான், "என்னமோ பண்ணுங்க"ன்னு. வேலூர்ப் பக்கம் கல்லுல எழுத்து வெட்டறவங்க யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க.


தோட்டப்பாளையம் · வியாழன், இரவு 9:48

அம்மா சொன்னதைப் படிச்சேன், மரியாதையோட சொல்றேன், எனக்கு இன்னும் ஒப்பல. கல்லறைத் தோட்டத்துக்கு விவரம் தெரியாத பிள்ளைங்க வரும், வேற மதத்துக்காரங்க வருவாங்க. அவங்களுக்கு உங்க வீட்டுக் கதை தெரியாது. கல்லும் வசனமும்தான் கண்ணுக்குத் தெரியும். "இவங்க சாமி சொன்னது நடக்கல"ன்னு போயிடுவாங்க. ஆரோக்கியம் சொன்ன மாதிரி ரெண்டையும் போடறதாவது செய்யலாம். ஸ்கடர் அம்மா கதையில நீங்க கேட்டது எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சு, அதையும் சொல்லிடறேன்.


கிரானைட் கடை · வெள்ளி, காலை 10:20

வணக்கம்மா. நான் இந்து, இங்க ஜெப விஷயம் பேச வரல. மாப்பிள்ளை ஒருத்தர் இந்தப் பக்கத்தைக் காமிச்சாரு. எழுத்து வெட்டறது நம்ம தொழிலு, மூணு மதத்துக் கல்லும் வெட்டறோம்.

மொதல்ல ஒண்ணு. லெந்து மாசத்துல அடக்கம்னா அவசரப்பட்டு மேடை கட்டாதீங்க. மண்ணு ஒரு மழைக்காலம் பாத்து எறங்கட்டும். இல்லன்னா கல்லு ஒரு பக்கம் சாஞ்சுக்கும். எழுத்த இப்பவே வெட்டி வெச்சுக்கலாம், கட்டறது கார்த்திகை தாண்டி.

கருப்பு கிரானைட் போடுங்க. எழுத்த ஆழமா வெட்டச் சொல்லுங்க, பெயிண்ட்ட நம்பாதீங்க. நம்ம ஊரு வெயிலுக்கு பெயிண்ட்டு உரிஞ்சிடும், வெட்டு ஆழமா இருந்தா திரும்ப அடிச்சிக்கலாம். வசனம் எண்ணிப் பாத்தேன், 31 எழுத்து வருது. புள்ளி, கமாவுக்கெல்லாம் துட்டு வாங்கறதில்ல. கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்தா எழுத்து மாறிப்போவுது, ஒரு கல்லே வீணாப் போயிருக்கு. அதனால பேரு, தேதி, வசனம் எல்லாத்தையும் வெள்ளைப் பேப்பர்ல கையால எழுதிக் குடுங்க.

கிறிஸ்டின் கல்லுல நான் அதிகமா வெட்டினது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". இந்த வசனம் வெட்டினதில்ல. உங்க பைபிள்ல "சாவாமல்" பக்கத்துல கமா இருக்குதே, அது கல்லுலயும் வேணுமா? சங்கீதம் 118:17ங்கறது சின்ன எழுத்தா, பெருசா?


ஓட்டேரி அக்கா · வெள்ளி, மதியம் 12:15

கமா வேணும்ணா. நம்பர் சின்னதா போதும். யோவான் வசனம் வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. சனிக்கிழமை அண்ணனே பேப்பர எடுத்துக்கிட்டு உங்க கடைக்கு வருவான், அட்வான்ஸ அவன்கிட்ட வாங்கிக்கங்க.